நடிகரை ஊதச் சொன்னேன்

இன்று காலை பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடை திறப்பு. ரிப்பன் வெட்ட ஒரு நடிகர் வந்தார். போன வருஷம் குடித்துவிட்டுக் கார் ஓட்டி, நின்றிருந்த ஆட்டோவை நசுக்கினாரே, அவரேதான். கைகூப்பி ஒரு வீடியோ போட்டார், அதோடு சரி. இன்றும் காரைத் தானே ஓட்டிவந்துதான் இறங்கினார்.

என் மகன் சிமெண்டு லாரி ஓட்டினான். அவனும் குடித்திருந்தான், மறைக்க மாட்டேன். ஆனால் யாரையும் இடிக்கவில்லை. அரியலூர் ரோட்டில் எல்லோரும் பார்க்க, போதை பார்க்கிற மெசினை நீட்டி, "ஊதுடா, நல்லா ஊதுடா" என்றார் ஒரு இன்ஸ்பெக்டர். லைசென்ஸ் போச்சு. இப்போது அதே லாரியில் மூட்டை ஏற்றுகிறான்.

அந்த இன்ஸ்பெக்டர்தான் இன்று நடிகருக்குக் கூட்டத்தை விலக்கிவிட்டார். அந்த மூஞ்சியை மறப்பேனா?

கடைக்காரர் எங்கள் தெரு. ஆரத்தி எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார். சுற்றி முடித்ததும் நடிகர் பொட்டுக்குக் குனிந்தார்.

"தம்பி, கொஞ்சம் ஊதுங்க."

"என்ன பாட்டி?"

"வாயத் தொறந்து ஊதுங்க. எம் மவன ஊதச் சொன்ன சாரு பக்கத்துலதான நிக்கிறாரு."

கூட்டம் ஓவென்று சிரித்தது.

"ஏ ஆயா, தட்ட எடுத்துக்கிட்டு நகரு!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மெசினு எடுத்துட்டு வரலீங்களா சார்?"

நடிகர் பொட்டு வைத்துக்கொள்ளாமலே உள்ளே ஓடினார். ஆரத்தித் தண்ணீரை இன்ஸ்பெக்டரின் ஜீப்புக்கு முன்னால் கொட்டிவிட்டு வந்தேன்.

நிறைய பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தீர்கள். வீடியோ எடுத்தவர்கள் இந்தப் பதிவுக்குக் கீழே போடுங்கள். என் மகன் பார்க்க வேண்டும்.