மூன்றாம் படிக்குக் கீழே

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் படிக்கட்டு என்று பெயர். யார் வைத்தது என்று கேட்டால் எல்லோரும் என்னைத்தான் கை காட்டுவார்கள். நானும் மறுத்ததில்லை. ஆதரவில்லாத குழந்தைகளின் விவரங்களைச் சேர்த்துவைத்து, தத்துக் கேட்டு வருகிறவர்களோடு பொருத்திப் பார்க்கும் அலுவலகம் அது. விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. அதை மனிதர்கள் படிக்கிற மாதிரி தாளில் இறக்குவது அவர் வேலை. பதினோரு வருடம் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தோம்.

கம்ப்யூட்டருக்குள் ஒரு குழந்தையின் விவரம் பெட்டிக்குள் பெட்டியாகக் கிடக்கும். குழந்தை என்ற பெட்டியைத் திறந்தால் உள்ளே தாய், தந்தை, உடல்நிலை என்று தனித்தனிப் பெட்டிகள். தாயைத் திறந்தால் அவளுடைய மற்ற பிள்ளைகள். அதை உள்ளபடியே அச்சடித்தால் அடைப்புக்குறியும் காற்புள்ளியுமாக மூச்சு விடாமல் ஒரே வரியாக ஓடும். கண்ணைக் கட்டிவிடும். இவர் எழுதிய புரோகிராம் ஒவ்வொரு உள்பெட்டியையும் புது வரியில், நான்கு எழுத்து உள்ளே தள்ளி இறக்கும். தாளைக் கையில் எடுத்தால் படிக்கட்டில் இறங்குகிற மாதிரியே இருக்கும். யார் யாருக்குள் அடக்கம் என்பது கம்ப்யூட்டர் தெரியாதவருக்கும் ஓரத்து வெள்ளையைப் பார்த்தாலே புரிய வேண்டும் என்பார். எங்காவது நான்குக்குப் பதில் மூன்று இடைவெளி விழுந்திருந்தால் மனிதருக்கு அன்று சாப்பாடு இறங்காது.

வீட்டிலும் அதே கூத்துதான். டயர் கடைக்கு மேலே இரண்டே அறை. மனைவி, மாமியார், இவர். கடைக்கு எழுதித் தரும் சீட்டில்கூட சமையலறை என்று போட்டு, வளைந்த அடைப்புக்குறி திறந்து, அதற்குள் தள்ளி எண்ணெய், உப்பு என்று இறக்குவாராம். "உன் புருஷன் வாங்கச் சொன்னதெல்லாம் கிடைச்சுது, இந்த வளைஞ்ச கோடு மட்டும் எந்தக் கடையிலயும் இல்ல" என்று மாமியார் மகளிடமே சொல்லிச் சிரித்ததை இவரே வந்து என்னிடம் சொன்னார். சிரிக்கத் தெரிந்த மனுஷன்தான். பிறகு வந்ததைப் பார்த்தவர்கள் அதை நம்ப மாட்டார்கள்.

எந்தக் குழந்தையை எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஐந்து பேர் கொண்ட குழு உண்டு. தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி. ஒரு குழந்தைக்கு ஒரே தாள்தான் இருக்க வேண்டும், மூன்று நான்கு பக்கம் புரட்ட யாருக்கும் நேரமில்லை என்று அந்த அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார். படிக்கட்டு இரண்டு வாரம் மல்லுக்கு நின்றார். கடைசியில் வழிக்கு வந்து, மூன்று படி வரைக்கும் அச்சடித்தால் போதும் என்று புரோகிராமில் அளவு வைத்தார். அதற்குக் கீழே ஏதாவது இருந்தால் அந்த இடத்தில் மூன்று புள்ளி விழும். உள்ளே இன்னும் இருக்கிறது, திறந்து பார் என்று அவர் தொழிலில் அதற்கு அர்த்தம்.

கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடவில்லை. கூடப்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது என்பது குழுவின் முதல் விதி. அதனால் இருநூற்று நாற்பது ஃபைல்களை அச்சடித்து, கூடப்பிறந்தவர்கள் எல்லாம் மூன்றாம் படிக்குள் வருகிறார்களா என்று பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் போட்டார். வந்தார்கள். மூன்று புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று கூட்டத்தில் எழுந்து சொல்லவும் செய்தார். ஆனால் முப்பது வருடமாக அரசாங்கப் படிவங்களையே பார்த்துப் பழகிய கண்கள் அவை. எங்கள் படிவங்களில் நிரப்பாமல் விட்ட இடத்தில் புள்ளிகள்தான் வரிசையாக இருக்கும். புள்ளி என்றால் விவரம் ஒன்றுமில்லை. அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு ரெண்டு வயதுப் பையனின் தாள் வந்தது. அம்மா இறந்துவிட்டாள். அவளுக்கு அது இரண்டாவது கல்யாணம். முதல் கல்யாணத்தில் ஒரு மகள், ஒன்பது வயது. மனைவி போனதும் அந்த இரண்டாம் புருஷன், பையனின் அப்பா, பையனைக் கைக்குழந்தைகள் இல்லத்திலும், பெண்ணை வேறொரு தெருவில் இருக்கும் பெண்கள் இல்லத்திலும் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான். அவனைப் பற்றி எழுத எனக்கு நல்ல வார்த்தை இல்லை. நான் விவரத்தைச் சரியாகத்தான் ஏற்றினேன்: குழந்தை, அதற்குள் தாய், அதற்குள் முதல் திருமணம், அதற்குள் மகள். எண்ணிப் பாருங்கள், மகள் நான்காவது படியில் இருக்கிறாள். தாளில் முதல் திருமணம் என்பதற்குப் பக்கத்தில் மூன்று புள்ளிதான் விழுந்தது.

அந்தத் தாளைக் குழுவின் மேசையில் கொண்டுபோய் வைத்தவள் நான். அந்தப் புள்ளிகளை நானும் பார்த்தேன். அதற்குள் யார் இருக்கிறாள் என்று என் கையாலேயே ஏற்றியிருந்தேன். குழு பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன். பையனைத் தூர தேசத்தில் இருந்து வந்த ஒரு தம்பதிக்குக் கொடுத்து, ஃபைலுக்கு முத்திரை வைத்தார்கள்.

நான்கு மாதம் கழித்துப் பெண்கள் இல்லத்தின் காப்பாளர் ஒரு சீட்டு அனுப்பினார். அந்தப் பெண்ணைக் கேட்டு ஒரு குடும்பம் வந்திருக்கிறது, தம்பி வராமல் போக மாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக நிற்கிறாள், தம்பி எங்கே என்று கேட்டிருந்தார். படிக்கட்டு அந்தப் பையனின் விவரத்தை அளவு எதுவும் வைக்காமல் முழுவதுமாக அச்சடித்தார். மூன்று தாள் வந்தது. இரண்டாம் தாளின் நடுவில், மகள் என்ற வரியில் அவர் விரல் நின்றது. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். மறுபடியும் அதே வரியில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேலதிகாரியிடம் நேராகப் போய்த் தன் தவறு என்று சொன்னார். அதிகாரி கெட்டவர் இல்லை, பயந்தவர். அந்தத் தம்பதிக்குக் கடிதம் போட்டுப் பார்த்தார்கள். பையன் எங்களோடு ஒட்டிவிட்டான், பழைய உறவு எதுவும் வேண்டாம் என்று ஆறு வாரத்தில் பதில் வந்தது. சட்டமும் அவர்கள் பக்கம்தான். அதோடு பேச்சை முடித்துக்கொள்ளச் சொன்னார் அதிகாரி. பெண்ணிடம் தம்பி நல்ல இடத்தில் இருக்கிறான் என்று காப்பாளர் சொல்லிக்கொள்வார், ஃபைலில் உள்ள எதுவும் அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்றார்.

"அந்தப் பொண்ணுக்கு யாராவது காரணம் சொல்லணும் சார்" என்றார் படிக்கட்டு.

"காரணம் சொன்னா பையன் திரும்பி வந்துருவானா?"

"வர மாட்டான்."

மறுநாள் மதியம் அவர் அந்த மூன்று தாளையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன். இதற்காகத்தான் அடுத்த வாரம் அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். தாளை வெளியே கொண்டுபோனவர் அவர் என்பதால் எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று. இப்போது அவர் ஒரு கிடங்கில் சரக்குச் சரிபார்க்கிறார். கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

பெண்கள் இல்லத்தில் துணி மடித்து அடுக்கும் அறையில் எங்களை உட்கார வைத்தார்கள். அந்தப் பெண் வந்து நின்றாள். இரட்டைப் பின்னல், முழங்காலில் காய்ந்த சிராய்ப்பு. படிக்கட்டு சுற்றி வளைக்கவில்லை. தம்பியை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள், அவன் திரும்பி வர மாட்டான், அவனுக்கு அக்கா இருப்பது தாளில் அச்சாகாமல் போனது, அப்படி வைத்தது நான்தான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் அழவில்லை.

"அப்போ நான் சொன்னதால இல்லையா?" என்று கேட்டாள்.

என்ன சொன்னாய் என்று நான்தான் கேட்டேன்.

"எங்களக் கொண்டுவந்து விட்ட அன்னிக்கு அவன் என் நோட்டக் கிழிச்சிட்டான். இவன் எனக்கு வேணாம்னு கத்தினேன். அங்க ஒருத்தங்க எழுதிக்கிட்டே இருந்தாங்க. அத எழுதிட்டாங்க, அதனாலதான் எங்களப் பிரிச்சிட்டாங்கன்னு நெனச்சேன்."

இத்தனை மாதமாக இந்தப் பிஞ்சு இதைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறது. படிக்கட்டு, "அத யாரும் எழுதலம்மா, எதுலயும் அது இல்ல" என்றார். அவள் நம்பவில்லை. பெரியவர்கள் சொன்னதை நம்ப அவளுக்கு என்ன இருக்கிறது? அவர் பையில் இருந்த தாள்களை எடுத்துத் தரையில் விரித்தார். அவள் மண்டியிட்டு, முதல் வரியில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினாள். தன் பெயர் வந்த இடத்தில்கூட நிற்கவில்லை. அவள் தேடியது வேணாம் என்ற அந்த ஒரு வார்த்தையை. அரை மணி நேரம் ஆகியிருக்கும். மூன்றாம் தாளின் கடைசி வரியை முடித்துவிட்டு, அதைத் திருப்பி வெறும் பக்கத்தையும் பார்த்தாள்.

பிறகு அவரை நிமிர்ந்து பார்த்து, "இதுக்கு உள்ள இன்னும் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.