குடம் விழாத இசைத்தட்டு

“ஏளா, படிச்சவளுக்கு எழுத்து தெரியும். சத்தம் தெரியுமா?”

கேட்டவர் அண்ணாவி. அப்பா குடம் அடிக்கும் வில்லுப்பாட்டுக் குழுவில் முன்னால் உட்கார்ந்து பாடுகிறவர். “தெரியும் மாமா” என்றேன், சிரிக்காமல்.

இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் உப்பு மூட்டை அடுக்கும் கடற்கரைக் கிட்டங்கியில் கருவிகளை இறக்கியிருந்தார்கள். இன்ஜினியருக்குத் தமிழ் வராது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான், மொழிபெயர்க்கப் போனேன். கருவியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தையும் வாசித்துவிட்டேன். ‘பேஸ் கட்’ என்று ஒரு விசை. போட்டால் அடியில் உறுமும் ஒலிகளை வெட்டிவிடும். குரலுக்குப் போடலாம், ஆழ்ந்து ஒலிக்கும் வாத்தியத்துக்குப் போடக்கூடாது. இரண்டும் ஒரே பக்கத்தில்தான் இருந்தன. நான் கடகடவென்று சொல்லிக் காட்டியதும், இன்ஜினியர் அந்த விசையை என் பொறுப்பில் விட்டார்.

பக்கத்துப் பஞ்சுப்பேட்டையில் பஞ்சு அரைக்கும் இன்ஜின் ஓயாமல் உறுமியது. அண்ணாவியைப் பேசச் சொல்லி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு விசையைப் போட்டேன். உறுமல் போய், குரல் கழுவி வைத்ததுபோல் வந்தது. குடத்தையும் தட்டிக் காட்டச் சொன்னேன்.

“சாமிக்குக் காப்புப் பாடாம குடத்தத் தொடுததாவது!” என்று அப்பா கையை இழுத்துக்கொண்டார்.

குடம்தானே என்று, போட்ட விசையை எடுக்காமலே விட்டுவிட்டேன்.

பதிவின்போது குடத்தின் வாயில் மட்டை விழ விழ, நான் இருந்த பெஞ்சே அதிர்ந்தது. பாட்டைப் பதியும் மெழுகுத் தட்டிலும் அது விழுந்திருக்கும் என்றே நினைத்தேன். மெழுகைப் போட்டுக் கேட்கவும் முடியாது, அழிந்துவிடும்.

தட்டு வந்தது. கடை அண்ணாச்சி கிராமபோன் பெட்டியில் வைத்தார். “எம் மவதான் உள்ள இருந்து எடுத்தா” என்று அப்பா சொல்லிவைத்ததில் தெருவே கூடியிருந்தது. குரல் வந்தது, உடுக்கு வந்தது, ஜால்ரா வந்தது. குடத்துக்குப் பதில் ‘சப், சப்’ என்று வெறும் மட்டைச் சத்தம்.

“யாரையோ கன்னத்துல அறையுத மாதிரில்லா இருக்கு! குடத்த வீட்ல மறந்துட்டீராவே?” என்றார் அண்ணாச்சி.

அப்பாவும் சேர்ந்து சிரித்தார். “பெட்டி சரியில்ல அண்ணாச்சி.”

“எம் பெட்டியவா சொல்லுதீரு?” அண்ணாச்சி ரோஷமாக வேறொரு தட்டை வைத்தார். மிருதங்கம் கும்மென்று வந்தது.

அப்பா உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “கை தளந்துட்டு போல.”

“உங்க கை இல்லப்பா, என் கை” என்று அங்கேயே சொன்னேன். எல்லோர் காதிலும் விழத்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை. “படிச்ச பிள்ள, தப்பாவா செய்வா? எனக்காவச் சொல்லுதா” என்றார். அடுத்த கோயில் கொடைக்கு வேறு ஆளைக் குடத்தில் உட்கார வைக்கும்படி அண்ணாவியிடம் சொல்லியும்விட்டார். அன்றிலிருந்து அவர் கையால் சோறு வாங்கும்போதெல்லாம் என் கண் தாழ்ந்துவிடுகிறது.

கம்பெனிக்காரர்கள் மறுபடி வந்திருக்கிறார்கள். தப்பு என்னுடையது என்று இன்ஜினியரிடம் சொல்லி, ஒரு மெழுகு கேட்டு வாங்கினேன். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் இன்ஜினை நிறுத்திவைக்கப் பஞ்சுப்பேட்டை மேனேஜரைச் சம்மதிக்கவைத்தேன். பிறகு அண்ணாவி வீட்டுக்குப் போனேன்.

“மாமா, எனக்குச் சத்தம் தெரியல. முதல்ல காப்பப் பாடிருங்க. பெறவு அப்பா குடத்த அடிக்கட்டும். அதக் கேட்டுட்டுத்தான் எடுப்பேன்.”

அவர் வில்லை எடுத்துக்கொண்டு அப்பாவைக் கூப்பிடப் போனார். நான் அவர்களுக்கு முன்பே கிட்டங்கிக்கு வந்து, ‘பேஸ் கட்’ விசையை அணைத்து, யார் கையும் பட்டுத் திரும்பிவிடாதபடி நூல் சுற்றிக் கட்டிவிட்டேன்.