பாம்புக்கடிப் புத்தகத்தின் இடம்

காலை 7.40. கோவில்பட்டியில் விளாத்திகுளம் பேருந்தில் ஏறினேன். அங்கே இறங்கி நாகலாபுரத்துக்கு இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்து ஐம்பத்திரண்டு ரூபாய். முதல் மழைக்குக் கரிசல் கன்னங்கரேலென்று கிடந்தது. பக்கத்து இருக்கைக்காரர் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, பொண்ணு பாக்கவா போறிய?" என்றார்.

"மன்னிப்புக் கேக்கப் போறேன்."

"அப்பக் கட்டிக்கிட்ட பொண்ணுதான்!"

நான் கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆண்டுதோறும் புது மாணவர்களுக்குக் கரும்பலகையில் வகைப்பாட்டு எண்களை எழுதிப்போட்டு ஒரு மணி நேரம் ஒப்பிப்பேன். அலமாரியைத் தொட விடமாட்டேன். செல்வராணி என்ற மாணவி ஒருநாள் உள்ளே புகுந்து தானே தேடினாள். அந்தப் பருவம் முழுக்க அவளுக்குப் புத்தகமே தரவில்லை. செய்து பார்த்து, யோசித்துக் கற்பதுதான் நிற்கும் என்ற கோட்பாட்டை நான் அறியாதவனல்ல. தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன்.

10.15. செல்வராணி இப்போது நாகலாபுரத்தில் ஊரார் படிப்பகத்தை நடத்துகிறாள். பாயில் நாற்பது புத்தகங்கள்; சுற்றிலும் படிப்பக வேலை பழக வந்த ஆறு பெண்கள்.

"வத்தலத் தரம் பிரிப்பியள்லா? அதுமாதிரி பிரிங்க," என்றாள்.

அவர்களில் பேச்சியம்மாள் பாம்புக்கடிப் புத்தகத்தை உழவு நூல்களோடு வைத்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"அது மருத்துவம்லாம்மா."

"பாம்பு ஆசுபத்திரியிலயா கடிக்கி? காட்டு வேலையிலதான கடிக்கி!"

"சார், நீங்க பேசாம இருங்க," என்றாள் செல்வராணி.

பிறகு, பிரித்ததைப் பார்க்காமல் வெளியே நின்ற முத்துமாரியை அழைத்து அதே புத்தகத்தைத் தேடச் சொன்னாள். அவர் மருத்துவ அடுக்கைக் கலைத்துவிட்டுக் கையை விரித்தார்.

"ஏட்டி, கண்ண எங்க வச்சிருக்க?" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும், "ஏன் கிடைக்கல?" என்று கேட்டாள் செல்வராணி. பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் பேச்சியம்மாள் நாட்காட்டித் தாளைக் கிழித்து, 'பாம்புக்கடி அங்கன, உழவுப் பக்கம் இருக்கு' என்று எழுதி, மருத்துவ நூல்களுக்கு நடுவே செருகினார்.

குறுக்குக் குறிப்பு! முப்பது ஆண்டுகள் நான் இலக்கணம் சொன்ன பொருள். என் மாணவர் ஒருவரைக்கூட ஒன்று எழுதிப் பார்க்கவிட்டதில்லை.

1.20. பேருந்து நிறுத்தத்தில், "உனக்குச் செஞ்சது தப்பும்மா," என்றேன்.

"மன்னிச்சிட்டேன்னு சொன்னா நிம்மதியா வீட்டுல போய் உக்காந்துக்கிருவிய. வெள்ளிக்கிழமை புது ஆளுக வாராவ, வாங்க. மன்னிக்கிறத அப்புறம் பாப்போம். ஆனா, வாயத் தொறக்கக் கூடாது."

இரண்டு நாளாக வீட்டில் பேசாமலிருந்து பழகுகிறேன். மனைவிதான், "மேலுக்குச் சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள்.