ஆடி விருந்துக்கு வந்த ஐஸ் மீன்

மண்டபம் கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு மூன்று வேளையும் மீன்தான். மேலூர்ப் பக்கம் பெண் பார்த்திருப்பதாக வீட்டில் சொன்னபோது, பெண் எப்படி என்று நான் விசாரிக்கவே இல்லை. அங்கே கிடாய்க்கறி பிரமாதமாமே என்றுதான் கேட்டேன்.

கல்யாணமான முதல் ஆடிக்கு மனைவி தாய்வீடு போயிருந்தாள். மாப்பிள்ளை விருந்துக்கு அழைப்பு வந்தது, கறிக்கனவோடு ரயிலேறினேன்.

மதுரை ஸ்டேஷனில் மாமனார் காத்திருந்தார். தலையைக் கோதிக்கொண்டு கம்பீரமாக இறங்கினேன். அவர் என்னைத் தாண்டி ஓடினார்.

"அங்கனயே நில்லுங்க மாப்ள, இந்தா வாரேன்!"

பார்சல் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டும் ஒரு மரப்பெட்டியை இறக்கி வந்தார். "கடக்கரைக்காரருக்கு மீனு இல்லாம சோறு எறங்குமா? ஒங்க ஊர்லேருந்தே சீலா மீனு சொல்லிவிட்டேன். ஐஸ் போட்டு வந்திருக்கு!"

ஆக, நானும் மீனும் ஒரே ரயிலில்தான் வந்திருக்கிறோம். நான் மூன்றாம் வகுப்பில் வெந்துகொண்டு வந்தேன். அது குளுகுளுவென்று படுத்து வந்திருக்கிறது. வயிறெரிந்தது.

மேலூர் பஸ்ஸின் கூரையில் பெட்டி ஏறியது. ஐஸ் உருகி, ஜன்னலோரம் இருந்தவர் தோளில் சொட்டியது. அவர் ஏனோ என்னையே முறைத்துக்கொண்டு வந்தார்.

ஊரில் மீனை யாரும் சட்டை செய்யவில்லை. உமிக்குள் கிடந்த ஐஸைத் தொட்டுப் பார்க்கத்தான் கூட்டம். என் மைத்துனன் ஒரு துண்டை உடைத்து நன்னாரி சர்பத்தில் போட்டுக் கொடுத்தான். சபையில் மூக்கைப் பிடிக்க முடியுமா? அந்த மீன் சர்பத்தை முழுவதும் குடித்துவைத்தேன்.

பிறகுதான் பரீட்சை. "இம்புட்டுத் தூரம் வந்த மீனு, நல்லாருக்கா கெட்டுப்போச்சான்னு எங்களுக்கு என்ன தெரியும்? நீங்களே பாத்துச் சொல்லுங்க மாப்ள. கெட்டிருந்தா கொல்லையில கெடா நிக்குது" என்றார் மாமனார்.

எட்டிப் பார்த்தேன். நல்ல கொழுத்த கிடாய். உதட்டைப் பிதுக்கினால் போதும், கறி தயார். ஆசையோடு செவுளைத் தூக்கினேன். செக்கச்செவேலென்று இருந்தது. பாழாய்ப்போன ஐஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. மாமனார் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்காக இவ்வளவு பாடுபட்டவரின் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

"முதல்தரமான மீன், மாமா."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். பந்தியில் எல்லோரும் தங்கள் இலையிலிருந்ததைக்கூட எனக்கே எடுத்து வைத்தார்கள். என்ன பாசமான குடும்பம் என்று நெகிழ்ந்துபோனேன்.

சாப்பாடு முடிந்து வெற்றிலையோடு வந்த மனைவி வாயைப் பொத்திச் சிரித்தாள். "எங்க வீட்டுல ஒருத்தருக்கும் மீன் வாடையே ஆகாது. கெட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? எங்கய்யா காலையிலேருந்து அந்தக் கெடாயத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு."

"நானும்தான்!" என்றேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாசலுக்குப் போனேன். மாமனார் அக்கம்பக்கத்தாரிடம் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க மாப்ள மீனத் தவிர வேற எதையும் தொடமாட்டாரு. தீவாளிக்கு ரெண்டு பெட்டி சொல்லப்போறேன்!"

கொல்லையில் கிடாய் நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.