இடது பெடலின் மரை

என் பெரியம்மா ஜீனத்துன்னிசா ரொம்ப காலம் சைக்கிளைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. தெருவில் போகிறதைத் திரைச்சீலையின் ஓரம் வழியாகவும், வீட்டுச் சுவரில் மாட்டியிருந்ததைத் தள்ளி நின்றும் பார்த்ததோடு சரி. ஆனால் 1957-இல் புதுச்சேரி முல்லா வீதியில், பிரெஞ்சு சைக்கிளுக்கு மரை வெட்டித் தருகிற வீடு எது என்று கேட்டால் எங்கள் வீட்டைத்தான் காட்டுவார்கள். வெட்டுவது என் அப்பா, நாங்கள் அத்தா என்போம், கலீலுல்லா என்று தெரு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தது. அத்தாவுக்கு ஓர் ஆணியை நேராக அடிக்க வராது.

நான் அப்போது பிறக்கவில்லை. அத்தா ஒரு விதமாகச் சொல்வார், பெரியம்மா வேறு விதமாகச் சொல்வார். இரண்டையும் கேட்டு நானாகக் கோத்துக்கொண்டதுதான் இது. எங்கேயாவது பிசகியிருந்தால் பிசகு என்னுடையது.

வீட்டிலிருந்த, காலால் மிதித்து இரும்பைச் சுழற்றி இழைக்கிற சின்ன லேத், பெரியப்பா அப்துல் கையூமுடையது. அவர் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனுக்கு வேலைக்குப் போனார். அங்கே சண்டை முடிந்த பிறகு அவரைப் பற்றித் தகவலே இல்லை. லேத் துருப்பிடித்துவிடக் கூடாது என்று அடுப்படிக்குப் பின்னால் மிதிக்க ஆரம்பித்தவர்தான் பெரியம்மா. கணவர் பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்ற காலத்தில் பார்த்ததெல்லாம் கைக்கு வந்தது.

அந்த லேத்தில் கம்பியை இழைக்கலாம், மரை போட முடியாது. மரைக்கு டை வேண்டும். டை என்றால் நடுவில் மரை போட்ட ஓட்டையுள்ள எஃகு வில்லை. கம்பியின் முனையில் அதைப் பொருத்தித் திருகினால் அதே மரை கம்பியில் விழும். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு கடைக்கு வந்த டையெல்லாம் மெட்ராஸிலிருந்து வந்த அங்குலக் கணக்கு. ஊரில் ஓடிய சைக்கிள்களில் பாதி மில்லிமீட்டர் கணக்கு. அதனால் பெரியம்மா தானே செய்துகொண்டார். சரியான மரையுள்ள பழைய பெடல் அச்சு ஒன்றை எடுத்து, நீளவாக்கில் அரத்தால் பள்ளம் இழைத்து, கரியடுப்பில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்குவார். அது வெட்டும் கருவியாகிவிடும். பழைய அரத்தின் எஃகில் செய்த வில்லைக்குள் அதைத் திருகி, வில்லையையும் காய்ச்சி முக்கினால் டை.

வேலை திரை வழியாகத்தான் வரும். ஆண்கள் முன்கட்டில் அத்தாவிடம் கொடுப்பார்கள், அத்தா உள்ளே நீட்டுவார். உருப்படி மட்டும் உள்ளே வரும். வண்டி வாசலிலேயே நிற்கும். அப்படித்தான் கன்னியப்பனின் பெடலும் வந்தது.

கன்னியப்பன் நோணாங்குப்பத்துக்காரர். தோட்டத்துக் கத்தரிக்காயையும் கீரையையும் சைக்கிளில் கட்டிப் பெரிய மார்க்கெட்டுக்குக் கொண்டுவருவார். ஊரைவிட்டுப் போன ஒரு சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரன், விட்டுப்போன சைக்கிள் அது. இடது பெடலின் அச்சு முறிந்து, முறிந்த துண்டு உள்ளேயே சிக்கி, அதை ஊர்க் கொல்லர் தட்டித் தட்டி எடுத்ததில் தூளாகிவிட்டது.

"மாதிரிக்கு வலது பெடலக் கழட்டியாந்துருக்கேன் பாய். அச்சு அசலா இதே மாதிரி இன்னொண்ணு போட்டுக் குடுத்துடுங்க."

பெரியம்மா அதே மாதிரி போட்டுக் கொடுத்தார். பெரியப்பாவின் பெட்டியில் கிடந்த பழைய அச்சு ஒன்று, வந்த மாதிரியோடு மரைக்கு மரை ஒத்துப்போனது. அதை வைத்து டை செய்து, புது அச்சை இழைத்து அனுப்பினார்.

மறுநாளே கன்னியப்பன் வந்துவிட்டார். "போகல பாய். ஒரு சுத்துகூடப் புடிக்க மாட்டேங்குது."

காய்ச்சி முக்கும்போது டை சுருங்கியிருக்கும் என்று பெரியம்மா நினைத்தார். இன்னொரு டை, கொஞ்சம் தாராளமாக. அதுவும் போகவில்லை. கொல்லர் தட்டியதில் ஓட்டை கோணியிருக்குமோ? கன்னியப்பனுக்குத் திருகத் தெரியவில்லையோ? மாதிரியை ஒரு கையிலும் தான் செய்ததை மறு கையிலும் வைத்து வெளிச்சத்தில் பார்ப்பார். வித்தியாசம் ஒன்றும் இருக்காது. சோறு குழைந்துபோகும், அடுப்பைப் பார்க்க மாட்டார்.

அத்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. வாசலில் திட்டு வாங்குகிறவர் அவர்தானே.

"மரை கழண்டது சைக்கிளுக்கா அண்ணி, நமக்கா? மார்க்கெட்டுல நட்டு போல்ட்டு விக்கிற இராமதாஸ் ரொம்ப நாளா லேத்தக் கேக்குறாரு. வெள்ளிக்கிழம தொழுதுட்டு வர்றேன், அவரும் வருவாரு. அதுக்குள்ள இது பொருந்தலன்னா குடுத்துடுவோம்."

"உங்க அண்ணன் சாமான் தம்பி அது."

"அண்ணன் இருந்தா இந்த அசிங்கம் எனக்கேன்?"

லேத் போய்விட்டால் தனக்கு அந்த வீட்டில் என்ன வேலை என்பது பெரியம்மாவுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கன்னியப்பன் வரவில்லை. அவர் மனைவி அன்னக்கிளி வந்தார், தலையில் கூடையும் கையில் சைக்கிளுமாக. பெண்பிள்ளைக்கு ஏது திரை? சந்து வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேரே பின்கட்டுக்கு வந்துவிட்டார்.

"இங்க பாரும்மா, உங்க வூட்டு பாய் செஞ்ச லட்சணத்த. அவரக் கூப்புடு, நாலு வார்த்த கேக்கணும்."

"செஞ்சது நாந்தான்."

அன்னக்கிளி லேத்தைப் பார்த்தார், பெரியம்மாவின் கரியேறிய விரல்களைப் பார்த்தார். கூடையை இறக்கி வைத்தார். "நீயா? அப்பச் சரி. உன்னத் திட்டி என்னா பண்றது? ஒக்காந்து நீயே மாட்டு, பாப்போம்."

பெரியம்மா முதல் தடவையாக ஒரு முழு சைக்கிளின் பக்கத்தில் உட்கார்ந்தார். அச்சை இடது பக்கத்து ஓட்டையில் வைத்துத் திருகினார். பிடிக்கவில்லை. சைக்கிளைச் சுற்றி வந்து அதே அச்சை வலது பக்கம் வைத்தார். வெண்ணெய் மாதிரி இறங்கியது.

"இந்தப் பக்கம் போவுதே!" என்றார் அன்னக்கிளி. "வண்டிதான் கோளாறா?"

வண்டிதான் கோளாறு என்று பெரியம்மாவும் நம்பினார். ஒத்துப் பார்க்க வீட்டில் இன்னொரு சைக்கிள் இருந்தது: பெரியப்பாவுடையது, அதுவும் பிரெஞ்சு வண்டி, அவர் வரும்வரை யாரும் தொடக் கூடாது என்று சுவரில் மாட்டி வைத்தது. இரண்டு பேருமாக இறக்கினார்கள். அதன் இடது பெடலைக் கழற்றப் பார்த்தால் இறுகிக்கொண்டே போனது. அன்னக்கிளி அலுத்துப்போய் எதிர்ப்பக்கம் ஓர் எத்து எத்தினார். கழன்றுவிட்டது.

"என்னாடி இது! பூட்டுற பக்கம் தொறக்குது!"

அச்சை வெளிச்சத்தில் பிடித்தார் பெரியம்மா. மரை மறுபக்கம் சாய்ந்து ஓடியது. இடதுக்கு மட்டும் தலைகீழ். ஒரு சைக்கிள்தான் தப்பு என்றால் இன்னொன்றும் அதே தப்பை எப்படிச் செய்யும்?

"ஏன் அப்படி வெச்சான்? ரெண்டு காலும் ஒரே மாதிரிதான மிதிக்குது?" என்றார் அன்னக்கிளி. என்னிடம் யாரோ ஒரு முறை விளக்கினார்கள், தலையை ஆட்டினேன், பிடிபடவில்லை.

இப்போது பெரியம்மாவுக்கு வேறொரு குழப்பம். இந்த அச்சிலிருந்து கருவி செய்து, அதிலிருந்து டை செய்து, டையிலிருந்து அச்சு செய்தால், நடுவில் எங்கேயாவது திசை திரும்பி மறுபடி வலதாகிவிடுமா? கண்ணாடியில் கை மாறுகிற மாதிரி? விரலை இப்படியும் அப்படியும் சுழற்றிப் பார்த்தார். அன்னக்கிளியும் சுழற்றினார். இரண்டு பேருக்கும் தலை சுற்றியதுதான் மிச்சம்.

கடைசியில் பெரியம்மா துணி துவைக்கிற சவுக்காரத் துண்டில் துளை போட்டு அச்சை அதற்குள் திருகினார். எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். எந்தப் பக்கம் சுற்றி விழுந்ததோ அந்தப் பக்கமே சுற்றி இறங்கியது. மாறவில்லை. ஏன் மாறவில்லை என்று புரியவுமில்லை.

ஆனால் அரத்தை வைத்தால் அந்த அச்சு மறுபடி அச்சாக இருக்காது. நெருப்பில் வெடித்துவிட்டால் எதுவும் மிஞ்சாது. பெரியப்பாவின் சைக்கிளுக்கு இடது பெடலே இல்லாமல் போய்விடும். பெரியம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றதாக அன்னக்கிளி பிறகு சொல்லியிருக்கிறார். "வேணாம்னா வுட்டுடும்மா. நான் தலச்சுமையாவே தூக்கிக்கிறேன்" என்றும் சொன்னாராம்.

பெரியம்மா அடுப்பில் கரியைக் கொட்டினார். அன்னக்கிளி ஊதினார்.

அத்தா தொழுகை முடிந்து இராமதாஸை முன்கட்டில் உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்தபோது, சுவரில் சைக்கிள் இல்லை. கீழே ஒற்றைப் பெடலோடு சாய்ந்திருந்தது. அந்நியப் பெண் ஒருத்தி எண்ணெய்க் கிண்ணத்தை ஏந்தி நிற்க, பெரியம்மா கன்னியப்பனின் சைக்கிளில் புது அச்சை எதிர்ப்பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தார். அது போய்க்கொண்டே இருந்தது.

அத்தா அதைப் பார்க்கவில்லை. "அண்ணன் பெடல அறுத்துட்டீங்களா? வந்து கேட்டா என்னா சொல்வீங்க?"

"வந்து கேக்கட்டும்" என்றார் பெரியம்மா. "கேக்குறதுக்காவது வரட்டும்."

அன்னக்கிளி பெடலைக் காலால் அழுத்திப் பார்த்து, "இறங்கிடுச்சு பாய். இப்ப யாரத் திட்டுறது?" என்றார். அத்தா முன்கட்டுக்குப் போய் இராமதாஸிடம், லேத்துக்கு வேலை இருக்கிறது, இன்னும் ஒரு பெடல் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த இன்னொரு பெடல் பெரியப்பாவின் சைக்கிளுக்கு. அதையும் பெரியம்மாவே அந்த டையில் செய்து மாட்டினார். சைக்கிளைத் திரும்பச் சுவரில் ஏற்றும் முன் அதைக் கழற்றிப் பார்க்கப் போனாராம். பழக்கத்தில் வழக்கமான பக்கம் திருகி, இறுகிவிட்டதாம். சைக்கிளை அப்படியே சுவரில் மாட்டிவிட்டார்.