மடியில் வாங்கிய பை

குரும்பலூர் ஆண்டாயியைப் பற்றிச் சொல்வதென்றால் பஸ்ஸில்தான் தொடங்க வேண்டும். களையெடுப்பும் கடலை பறிப்புமாகப் பிழைத்தவள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் போதும், நிற்கிறவர்கள் பையையெல்லாம் கை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். நம் பக்கத்தில் யார்தான் செய்யாதது! "கொஞ்சம் வச்சுக்கங்க" என்று நீட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். உள்ளே என்ன என்று கேட்பது மரியாதை இல்லை.

எண்பத்தாறாம் வருடம், அரியலூரில் கட்டிக்கொடுத்திருந்த ஒரே மகளைப் பார்க்கப் போகும்போது, அப்படித்தான் ஒருவன் நீட்டிய காக்கிப் பையை வாங்கினாள். வழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. பை கொடுத்தவன் பின்படியில் இறங்கிக் கம்பி நீட்டிவிட்டான். பைக்குள் கஞ்சா. ஆண்டாயியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மகளோ நிறைமாதம்.

போதைப்பொருளுக்குப் புதுச் சட்டம் அப்போதுதான் வந்திருந்தது. நான் வக்கீல் அமிர்தசாமியிடம் குமாஸ்தா. சட்டத்தைப் படித்த அவரே தலையில் கை வைத்துக்கொண்டார். சரக்கு யார் வசம் இருந்ததோ, அது எப்படி வந்தது என்று அந்த ஆளே விளங்க வைக்க வேண்டுமாம். கஞ்சாவுக்கு ஐந்து வருடம் வரை கடுங்காவல், அபராதம் வேறு.

ஜெயிலில் அவளைப் பார்த்து வக்கீல் சொன்னார்: "இந்தா பாரும்மா, மடியில இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிடாத. சீட்டுக்கடியில கெடந்துச்சு, யாருதுன்னே தெரியாதுன்னு சொல்லு. தப்பிச்சுக்குவ."

"அதெப்படிங்க? மடியிலதான வச்சிருந்தேன்."

"அஞ்சு வருசம்மா! பேரப்புள்ள மூஞ்சியப் பாக்க வேணாமா?"

அவள் அழுதுவிட்டாள். அழுதபடியே, "வாங்குனத வாங்கலன்னு எப்படிங்க சொல்றது?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பிடிவாதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய!

கோர்ட்டில் அந்த பஸ் கண்டக்டர் சிங்காரவேலு வந்து சாட்சி சொன்னார்: "அந்தாளு பையோட ஏறுனான். டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்க இந்தம்மா மடியில வச்சான். நான் பாத்தேங்கய்யா."

பிறகு ஜட்ஜ் ஆண்டாயியைக் கேட்டார். தான் சொல்லிக்கொடுத்ததை இப்போது சொல்லித் தொலைப்பாளோ என்று வக்கீலுக்கு வியர்த்தது. "ஆமாங்கய்யா, மடியிலதான் வச்சிருந்தேன். நின்னுக்கிட்டு வந்துச்சு அந்தத் தம்பி. உக்காந்திருக்கவ வாங்கிக்காம எப்படிங்க?" என்றாள்.

இருவர் பேச்சும் அப்படியே பொருந்தியது. சீட்டுக்கடியில் என்று சொல்லியிருந்தால் கண்டக்டர் சொன்னதே அவளைக் கவிழ்த்திருக்கும். விடுதலை!

இதற்குள் பேத்தி பிறந்து தவழத் தொடங்கியிருந்தாள். குழந்தையைப் பார்க்க அரியலூர் பஸ்ஸில் நானே கூட்டிப்போனேன். அவளுக்கு மட்டும் இடம் கிடைத்தது. அடுத்த ஊரில் ஏறிய ஒருவர், கம்பியைப் பிடிக்கத் தடுமாறிக்கொண்டு பையை நீட்டினார்.

"அக்கா, வேணாம்! வாங்காத!" என்று கத்தியேவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"சும்மா இரு தம்பி. பாவம், நிக்கிறாருல்ல" என்று வாங்கிக்கொண்டாள். அடேயப்பா! இவளை எதில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச தூரத்தில் எனக்கும் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. இன்னொருவர் என்னிடம் ஒரு பையை நீட்டினார். என் கை எழவில்லை. ஆண்டாயி அதையும் வாங்கி முதல் பையின்மேல் வைத்துக்கொண்டாள்.