அக்காவின் மூன்று மணி நேரம்

பாதி வீடு மட்டும் தெரிந்த ஒரு படம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மேலே மொட்டை மாடியும் பால்கனிக் கம்பிகளும் வெயிலில் பளிச்சென்று இருக்க, அதற்குக் கீழே வாசல் வர வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு. மேலிருந்து கட்டம் கட்டமாக வரைந்துகொண்டு வந்த கம்ப்யூட்டர் நடுவில் உறைந்துவிட்டது. சற்று நேரத்தில் நீலத்திரை வந்து அந்தப் பாதி வீட்டையும் விழுங்கியது. அக்கா மவுசிலிருந்து கையை எடுக்கவில்லை. "போச்சா?" என்றாள். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த வாரத்தில் அது மூன்றாவது முறை.

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். தூத்துக்குடியில் ஒரு கட்டட இன்ஜினியருக்கு வீட்டுப் படங்கள் வரைந்து கொடுப்பது அவள் வேலை. முதலில் அவருடைய ஆபீசுக்கே போய்வந்துகொண்டிருந்தாள். அம்மா இறந்த மறு வருடமே அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கருப்பட்டி மண்டியில் நாள் முழுக்க நின்றபடியே வியாபாரம் பார்த்தவர், கட்டிலோடு கட்டிலாகிப் போனார். பேச்சும் குழறிவிட்டது. அதன் பிறகு அக்கா வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். முன்னறையில் அப்பாவின் கட்டில், அதிலிருந்து நாலடி தள்ளி அவளுடைய மேசை. நாலு கோடு போடுவாள், எழுந்து போய் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைப்பாள். மறுபடி வந்து மாடிப்படியை வரைவாள், அதற்குள் கஞ்சி ஆறிவிடும்.

வீடு கட்டப் போகிறவர்களுக்கு வெறும் கோடுகள் புரியாது. சுவருக்கு வண்ணம் அடித்து, மரம் வைத்து, நிழல் விழவைத்து, கட்டி முடித்த வீட்டைப் புகைப்படம் எடுத்ததுபோல ஒரு படம் காட்ட வேண்டும். அதற்கு ரெண்டர் என்று பெயர். எல்லாவற்றையும் அமைத்து ஒரு பட்டனை அமுக்கினால் மிச்சத்தைக் கம்ப்யூட்டரே வரைந்து முடிக்கும். அக்காவிடம் இருந்த பழைய பெட்டிக்கு ஒரு படத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை அதில் வேறு எதையும் தொட முடியாது. பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அவள் ரெண்டருக்குப் போடுவாள்.

நான் அப்போது ஊருக்குள் ஒரு கம்ப்யூட்டர் கடையில் விற்பனையும் ரிப்பேரும் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் ஒன்பது மணிக்கு வண்டியை எடுத்தால் திரும்பி வர இருட்டிவிடும். சாப்பிடுவேன், போனைப் பார்ப்பேன், படுத்துவிடுவேன். அப்பாவைப் பார்த்துக்கொள்வது அக்காவின் பொறுப்பு என்று எங்கள் வீட்டில் யாரும் பேசி முடிவு செய்ததில்லை. நான் ஒன்றும் செய்யாமல் இருந்தேன், அதனால் அது தானாகவே அப்படி ஆகிவிட்டது. அது எனக்குள் உறுத்தாமல் இல்லை. அந்த உறுத்தலுக்கு எனக்குத் தெரிந்த வழியில் ஒரு பரிகாரம் தேடினேன்.

கம்ப்யூட்டரின் புராசசருக்கு அதைச் செய்தவர்களே ஒரு வேகத்தை வைத்து அனுப்புகிறார்கள். உள்ளே போய் அந்த எண்ணைக் கொஞ்சம் உயர்த்தி, அதைத் தாங்குவதற்குக் கொஞ்சம் கூடுதல் வோல்டேஜும் கொடுத்தால், அதே புராசசர் இன்னும் விரைவாக ஓடும். ஓவர்கிளாக் என்பார்கள். மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அதைச் செய்தேன். மூன்றேகால் மணி நேரம் பிடித்த படம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்தது. ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அப்பாவுக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்து, "நல்லாருக்குலே" என்றாள். அந்த ஒரு சொல்லை நான் பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். மறு வாரம் பிரிண்டருக்கு இங்க் வாங்க இன்ஜினியர் எங்கள் கடைக்கு வந்தார். "சார், அக்கா சிஸ்டத்த நான் ஸ்பீடாக்கிட்டேன். இனிமே படம் சட்டுனு வந்துரும்" என்று பெருமையாகச் சொன்னேன். "அப்படியா? பரவாயில்லையே தம்பி!" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒரு மதியத்துக்கு இரண்டு படங்கள் கேட்டு அவரிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. நான் சொன்னதையும் அந்தப் போன்களையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

சித்திரை பிறந்ததும் கம்ப்யூட்டர் நிற்க ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் உப்பளம். மதியத்தில் அங்கிருந்து வருகிற காற்று ஜன்னல் கம்பியைக்கூடத் தின்றுவிடும். மின்விசிறி சுழற்றியதெல்லாம் வெக்கையைத்தான். ரெண்டர் ஓடி ஒரு மணி நேரம் தாண்டியதும் திரை உறையும், அல்லது நீலமாகும். நான் கேபினெட்டைக் கழற்றித் தூசி தட்டினேன். புராசசர் மேல் சூட்டைக் கடத்துவதற்குத் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவினேன். ரேமைப் பிடுங்கி, அதன் பித்தளை நிறப் பற்களை ரப்பரால் தேய்த்து மாட்டினேன். பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு மேசை ஃபேனை அதற்கு நேரே திருப்பி வைத்தேன். அது அப்பாவுக்கு வைத்திருந்த ஃபேன். வோல்டேஜை ஒரு படி ஏற்றினால் சூடு ஏறியது, வேகத்தை ஒரு படி இறக்கினால் அரை மணி நேரம் கூடுதலாகத் தாக்குப்பிடித்து அதன் பிறகு நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் சோதனை மென்பொருளை மணிக்கணக்கில் ஓடவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பேன். சோதனையில் தேறிவிடும். மறுநாள் அக்கா ரெண்டர் போட்டால் விழுந்துவிடும். என் சோதனை முடிவதற்காக அவள் வரைய வேண்டிய படங்கள் காத்துக்கிடந்தன.

காரணம் எனக்குத் தெரியும் என்றே சொல்ல வேண்டும். நான் ஏற்றி வைத்த வேகத்தை அந்தப் பழைய புராசசர் இந்த வெயிலில் தாங்கவில்லை. ஏற்றியதை முழுவதும் எடுத்துவிட்டுப் பார்ப்பதுதான் முதலில் செய்ய வேண்டியது. கடைக்கு வருகிற எவருக்கும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த வீட்டுக்கு நான் செய்த ஒரே காரியம் அது. அதை எடுத்துவிட்டால் என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. "கரண்ட் சரியில்லக்கா, ஏறி ஏறி இறங்குது" என்றேன். அக்கா நம்பினாள், அல்லது நம்பியதுபோல இருந்தாள்.

அந்தப் பாதி வீடு தருவைகுளத்துக்காரர் ஒருவருடையது. கப்பலில் வேலை பார்ப்பவர். சனிக்கிழமை கிளம்ப வேண்டும், அதற்குள் படத்தைப் பார்த்துவிட்டால் வேலையை ஒப்படைத்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தும் அது நின்றுவிட்டது. இன்ஜினியர் போன் செய்தபோது, நான் சொல்லிக்கொடுத்த பொய்யை அக்கா எனக்காகச் சொன்னாள். "கரண்ட் சரியில்ல சார்." அவர் குரல் எனக்கே கேட்டது. "ஏம்மா, ஊருக்கெல்லாம் ஒரே கரண்டுதானம்மா வருது?" அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த மனிதர் படம் பார்க்காமலே கப்பலேறினார். அந்த வீட்டைக் கட்டும் வேலை வேறு ஒரு இன்ஜினியருக்குப் போனது. இன்ஜினியர் அக்காவைத் திட்டவில்லை. பத்து நாளைக்குப் போனே செய்யவில்லை. அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

அதற்கு அப்புறம், ஒரு போர்ட்டிகோவும் காம்பவுண்டுச் சுவரும் மட்டும் உள்ள சின்ன வேலை ஒன்று வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் மறுபடியும் கேபினெட்டைத் தரையில் சாய்த்துப் போட்டுத் திருப்புளியோடு உட்கார்ந்தேன். அக்கா வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு அமர்ந்தாள்.

"ஏலே, நீ இதுல வேகத்த மாத்துனேல்லா, அதுக்கு முந்தி ஒரு நாளாச்சும் இப்படி நின்னுருக்கா?"

"இல்லக்கா."

"பெறகு என்னத்தத் தேடுத? பழையபடி ஆக்கிரு."

"மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும்க்கா."

அவள் சிரித்தாள். அப்படிக் களைத்த சிரிப்பை நான் அதுவரை கவனித்ததில்லை. "ஆவட்டும்லே. அந்த மூணு மணி நேரந்தான் நான் படுக்கது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவளே சொன்னாள். ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை அப்பாவைப் புரட்ட வேண்டும். காலையில் இன்ஜினியர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். மதியம் ரெண்டருக்குப் போட்டுவிட்டால், "ஓடிக்கிட்டிருக்கு சார்" என்று சொல்லிவிடலாம். யாரும் ஒன்றும் கேட்க முடியாது. அப்பாவும் அந்நேரம் கண்ணயர்ந்துவிடுவார். கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துப் படுத்துவிடுவாள். "நீ வேகமாக்குன பெறகு ரெண்டு படம்லா கேக்காவ. ஒண்ணு முடியதுக்குள்ள அடுத்தத ரெடி பண்ணணும். எங்கன போயிப் படுக்க?" குறையாகச் சொல்லவில்லை. உப்பு கூடிவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். இன்ஜினியரிடம் யார் சொன்னது என்பதைப் பற்றி அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

பெட்டியை நிமிர்த்தி வைத்து, ஏற்றியதையெல்லாம் இறக்கி, கம்பெனி அனுப்பியபடியே ஆக்கினேன். ஃபேனை அப்பா பக்கம் திருப்பினேன். அக்கா ரெண்டருக்குப் போட்டாள். "நான் பாத்துக்கிடுதேன், நீ படு" என்றேன். பாயில் சாய்ந்த வேகத்தில் தூங்கிப்போனாள்.

அரை மணி நேரத்தில் அப்பா விழித்துக்கொண்டார். ஏதோ கேட்டார். தண்ணீர் என்று நினைத்துக் கொடுத்தேன், பாதி கழுத்தில் வழிந்தது. மறுபடியும் அதையே குழறினார். எனக்குப் புரியவில்லை. அக்காவை எழுப்பக் குனிந்தேன். அப்பா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் மண்டியில் கருப்பட்டிச் சிப்பம் தூக்கிய காலத்துப் பலம் இருந்தது. வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். பிறகு கண்ணால் தன் இடுப்பைக் காட்டினார். புரட்ட வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. தூக்கத் தெரியாமல் தூக்கி, ஒருவழியாகப் புரட்டினேன். இடுப்பெலும்பின் மேல் துணி வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. படுக்கைப் புண். எத்தனை நாளாக இருந்ததோ. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் அதை அன்றுதான் பார்த்தேன்.

ரெண்டர் மூன்று மணி இருபது நிமிடத்தில் முடிந்தது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. போர்ட்டிகோவும் சுவரும் கேட்டும் முழுதாக வந்து திரையில் நின்றன. நான் அக்காவை எழுப்பவில்லை. தானாக எழுந்தவள் முதலில் கடிகாரத்தைப் பார்த்தாள், அடுத்து அப்பாவை, கடைசியாகத்தான் படத்தை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நான் வீட்டில் இருந்தேன். எல்லா ஞாயிறும் இருந்தேன் என்று சொன்னால் பொய். அப்பா இன்னும் இரண்டு வருடம் இருந்தார். நான் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன். கல்யாணமாகித் தனியே வந்துவிட்டேன். அக்கா அதே வீட்டில்தான் இருக்கிறாள். இப்போது அவளிடம் நாலு இன்ஜினியர்களின் வேலை. இன்று வருகிற பெட்டிகளில் ஒரு படம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, யாரும் எதையும் ஏற்றி வைக்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு ஏழு படம், எட்டுப் படம்.

போன மாதம் போயிருந்தேன். கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போய் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். எனக்கும் வயதாகிறது, இந்த ஒன்றை இனியும் சுமக்க முடியாது என்று தோன்றியது.

"அக்கா, அன்னைக்கு நம்ம சிஸ்டம் ஸ்பீடா ஓடுதுன்னு இன்ஜினியர்ட்ட நாந்தான் சொன்னேன்."

"தெரியும்லே. மறுநாளே அவரு சொல்லிட்டாரு, ஒன் தம்பி கெட்டிக்காரன்னு."

"தெரிஞ்சும் ஏன்க்கா ஒரு வார்த்த கேக்கல?"

அவள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"கேக்கதுக்கு எனக்கு எங்கலே நேரம் இருந்துச்சு?"

படம் முடிந்துவிட்டது. அதை அனுப்பிவிட்டு, அடுத்ததைத் திறந்தாள்.